முன்னால் போகிறவரின் அலையில் ஒரு சவாரி

செம்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய மகன் மும்பையில் மாலை வேளையில் நடக்கும் சிறிய சர்ஃப்ஸ்கி துடுப்புப் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்கிறானாம். "முன்னால் போகிறவரின் இடுப்புக்கு நேராக உன் படகின் மூக்கை வைத்துக்கொள், அந்த இடத்தை விடாதே" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஒட்டிக்கொண்டு போனால் கை வலிப்பது பாதியாகக் குறைகிறது என்கிறான் மகன். "இது எப்படி? அடுத்தவர் உழைப்பில் ஓசிச் சவாரி செய்வது ஏமாற்று வேலை இல்லையா?" என்பது அம்மாவின் கேள்வி.

சர்ஃப்ஸ்கி சுமார் ஆறு மீட்டர் நீளமும் அரை மீட்டருக்கும் குறைவான அகலமும் கொண்ட படகு. ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் உயிர்காப்போர் கையில் வளர்ந்தது. இருக்கை மேலே திறந்திருக்கும், சுக்கானைக் காலால் மிதித்துத் திருப்ப வேண்டும். கவிழ்ந்தால் உள்ளே நீர் நிரம்பி மூழ்காது. ஏறி உட்கார்ந்து மீண்டும் துடுப்புப் போடலாம், ஏறத் தெரிந்திருந்தால்.

இனி அலைக்கு வருவோம். படகு நீரைத் தள்ளுகிறது, மூக்கில் ஒரு முகடு எழுகிறது, அதன் பின்னால் வரிசையாக அகடும் முகடும். ஆழமான நீரில் நீளமான அலை வேகமாக ஓடும், குட்டையான அலை மெதுவாக ஓடும் என்பது பள்ளிப் பாடம். ஆகவே படகின் வேகத்துக்குச் சமமான வேகமுள்ள அலைகளே அதன் நேர் பின்னால் கூட வரமுடியும். மணிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் அப்படிக் கூட வரும் அலையின் நீளம் ஏறக்குறைய ஆறு மீட்டர், அதாவது படகின் நீளமே. அதற்கு மேல் வேகம் கூட்டினால் பின்முகடு நழுவிப் பின்னால் போய்விடும். வால் தாழும், தான் எழுப்பிய அலையின் மேலேயே படகு ஏற வேண்டிவரும். அகலமான மீன்பிடிப் படகு இங்கே திணறிவிடும். ஒல்லியான சர்ஃப்ஸ்கி எழுப்பும் அலை சிறியது என்பதால் வலுவான கைகள் இருந்தால் தாண்டிப்போகும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்கடுத்து வருகிறது. அமைதியான குளத்தில் ஒரு கல்லை எறிந்துவிட்டு, விரியும் வளையங்களில் ஒரே ஒரு முகட்டை மட்டும் கண்ணால் விடாமல் பின்தொடருங்கள். வளையக் கூட்டத்தின் பின்விளிம்பில் அது பிறக்கும். கூட்டத்துக்குள்ளேயே முன்னேறி ஓடும். முன்விளிம்பை எட்டியதும் தேய்ந்து காணாமல் போய்விடும். பின்னால் அதற்குள் இன்னொன்று பிறந்திருக்கும். முகடுகள் ஓடும் வேகத்தில் சரிபாதி வேகத்தில்தான் கூட்டம் நகர்கிறது. அலை சுமந்து செல்லும் ஆற்றலுக்கும் அதே பாதி வேகம்தான்.

இந்தப் 'பாதி'தான் துடுப்பாளரின் தோளை வலிக்க வைக்கிறது. அவர் பத்து மீட்டர் போனால், அவர் ஏற்கெனவே அலைக்குக் கொடுத்த ஆற்றல் ஐந்து மீட்டர்தான் பின்தொடர்ந்திருக்கும். மீதி ஐந்து மீட்டர் நீளத்துக்குப் புதிய அலையை அவர் உண்டாக்கியாக வேண்டும். அடுத்த பத்து மீட்டருக்கும் அதே கதை. நீரின் உராய்வுக்குச் செலுத்துவது தனிக் கணக்கு. அலைத்தடை என்று பொறியாளர்கள் சொல்வது, முடிவில்லாமல் நீண்டுகொண்டே போகும் இந்த அலை வரிசைக்குக் கட்டும் வரி.

1887இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு இதே பாதிக் கணக்கிலிருந்துதான், ஆழமான நீரில் படகின் பின்னால் விரியும் 'வி' வடிவத்தின் கோணம் சுமார் 39 பாகை என்று காட்டினார். கேட்வேயிலிருந்து எலிஃபென்டா போகும் படகானாலும் பாணகங்கா குளத்து வாத்தானாலும் அதே கோணம். தலைதெறிக்கப் பறக்கும் மோட்டார் படகின் 'வி' மட்டும் குறுகித் தெரியும்.

ஆக, முன்னால் போகிறவர் ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய அலை அங்கே சும்மா கிடக்கிறது. பின்னால் வருபவரின் எடை பெரும்பாலும் அவர் இருக்கையைச் சுற்றியே இருக்கிறது. அந்த இருக்கைக்கு அடியில் ஒரு முகட்டின் முன்சரிவு வந்துவிட்டால், இறக்கத்தில் விட்ட சைக்கிள் கணக்காக எடையே படகை முன்னால் தள்ளும். அலையும் அதே வேகத்தில் கூடவே வருவதால் அந்த இறக்கம் தீராது. இடுப்புக்கு நேராக மூக்கை வைத்தால் பக்கவாட்டில் விரியும் அந்த 'வி' அலையின் சரிவு சரியாக இருக்கைக்கு அடியில் வந்து சேரும். அரை மீட்டர் பின்தங்கினால் சரிவு நழுவிவிடும், துடுப்பு சட்டென்று கனக்கும்.

வாத்துக் குஞ்சுகளுக்கு இதற்குப் பயிற்சியாளரே தேவையில்லை. தாய்க்குப் பின்னால் வரிசையாக நீந்தும் குஞ்சுகள் சரியான இடத்தில் இருந்தால் அலைத்தடை குறைவதோடு, மூன்றாவது குஞ்சுக்கு அப்பால் அது ஏறத்தாழ இல்லாமலே போகிறது என்று 2021இல் ஒரு கணக்கீட்டு ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டு அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. முதலில் சிரிக்க வைத்து, பிறகு யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்குக் கொடுக்கப்படும் பரிசு அது. அந்தக் கணக்கு சரக்குக் கப்பல்களை வரிசையாக ஓட்டி எரிபொருளை மிச்சப்படுத்த உதவக்கூடியது. நம் ஊரில் வாத்துக் குஞ்சைப் பற்றி நிதி கேட்டு விண்ணப்பித்தால் கோப்பு எந்த மேசையில் தூங்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். விசாகப்பட்டினத்தில் கடற்படை ஆய்வகத்திடம் 500 மீட்டர் நீளத்துக்குப் படகு மாதிரிகளை இழுத்துச் சோதிக்கும் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு மாலைப்பொழுதை இப்படிப்பட்ட 'வேலையற்ற' கேள்விக்குக் கொடுத்தால் குடி முழுகிவிடாது. நம் துடுப்பாளர்களோ படகின் மூக்கில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கட்டுகிறார்கள். கண்ணேறு கழிகிறதோ இல்லையோ, தொங்கும் பழம் நீரைத் தொட்டால் தடை கூடும் என்பது உறுதி.

மும்பையில் ஓதத்தையும், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தையும், பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்தில் இத்தகைய அலைகள் மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் ஓட முடியாது. பந்தய வேகமும் அதே அளவுதான். அந்த எல்லையை நெருங்கும்போது அலைத்தடை எகிறும். நீர் வற்றிய நேரத்தில் கழிமுகத்தில் துடுப்புப் போட்டுப் பார்த்தவர்களுக்கு, படகை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதாகத் தோன்றுவது இதனால்தான்.

ஏமாற்று வேலையா என்றால், இல்லை அம்மா. அவரவர் தடத்தில் போக வேண்டிய குறுந்தூரப் போட்டிகளில் இதற்கு இடமில்லை. நெடுந்தூரப் போட்டிகளில் அனுமதி உண்டு, அது ஒரு தேர்ந்த திறமையும்கூட. உங்கள் மகன் அந்த அலையில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் முன்னால் போகிறவர் கட்டும் வரி ஏறக்குறைய அதேதான். ஓசிக்கும் ஒரு விலை உண்டு: முந்த வேண்டுமென்றால் அவன் சரிவை விட்டு இறங்கி, எதிரே நிற்கும் முகட்டில் ஏறியாக வேண்டும். நேர்க்கோட்டில் அதற்குப் பெரும் பலம் வேண்டும். மிதவையைச் சுற்றித் திரும்பும்போது முன்னால் போகிறவரின் வேகம் குறையும், அவர் அலையும் குலைந்துவிடும். மூச்சை அதுவரை மிச்சம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.