அலைவரிசை முதல் மின்கையொப்பம் வரை: சில சொற்களின் பொருளும் பிறப்பும்

தொலைத்தொடர்பிலும் மின்வணிகத்திலும் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. தனித்தனியான நான்கு பொருள்களுக்கு ஒரே சொல்லைப் போட்டுவிடுவதுதான் குறை. அப்படி அதிகம் பாடுபடும் சொல் 'அலைவரிசை'.

வானொலி நிலையத்தின் எண்ணைச் சொல்லும்போது அது அலைவரிசை. தொலைக்காட்சி சேனலும் அலைவரிசை. செல்பேசி நிறுவனங்கள் ஏலத்தில் எடுப்பதும் அலைவரிசை. பிராட்பேண்ட் இணையம் 'அகண்ட அலைவரிசை'. இந்த நான்கையும் ஒரே கட்டுரையில் எழுத நேர்ந்தால் வாசகர் எதைப் பிடித்துக்கொள்வார்?

ஓர் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதற்குத் தமிழகப் பாடநூல்களில் 'அதிர்வெண்' என்றும் இலங்கையில் 'மீடிறன்' என்றும் தெளிவான சொற்கள் இருக்கின்றன. அதன் அலகு ஹெர்ட்ஸ். மின்காந்த அலைகளை 1880களில் சோதனையில் காட்டிய ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸின் பெயர் அது. அதிர்வெண் ஒரு புள்ளி என்றால், இரண்டு அதிர்வெண்களுக்கு இடைப்பட்ட பரப்பு 'பட்டை'. பழைய தொலைபேசி இணைப்பு 300 ஹெர்ட்ஸ் முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான குரலை மட்டுமே கடத்தியது. அந்த இரண்டு எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசமான 3100 ஹெர்ட்ஸ்தான் 'பட்டை அகலம்', அதாவது பேண்ட்விட்த். மறுமுனையில் கேட்பவருக்குப் பேச்சு புரிந்தது. இசை மட்டும் சோகையாக ஒலித்தது. காரணம் இந்தக் குறுகிய பட்டைதான். இணைய வேகத்தைப் பேண்ட்விட்த் என்று சொல்லும் வழக்கம் பின்னால் வந்தது. பட்டை அகலமானால் ஒரு நொடியில் கூடுதல் தரவை அனுப்ப முடியும் என்பதால், காரணத்தின் பெயர் காரியத்துக்கு ஏறிவிட்டது.

ஆகவே பிராட்பேண்டுக்கு 'அகலப்பட்டை' பொருத்தமாக இருக்கும். 'அகன்ற அலைவரிசை' என்றாலும் பாதகமில்லை. ஆனால் 'அகண்ட' என்று எழுதுவதை நிறுத்தியே ஆக வேண்டும். அகல் என்ற வினையிலிருந்து வருவது 'அகன்ற'. 'அகண்ட' என்பது வடமொழி. கண்டம் என்றால் துண்டு, அகண்டம் என்றால் துண்டுபடாதது. ஒலி நெருக்கத்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்கார்ந்துவிட்டது.

செல்பேசி நிறுவனங்கள் ஏலத்தில் எடுக்கும் அதிர்வெண் பரப்பை ஆங்கிலத்தில் ஸ்பெக்ட்ரம் என்பார்கள். அது 'தோற்றம்' என்ற பொருளுடைய லத்தீன் சொல். பட்டகத்தின் (முக்கோணக் கண்ணாடியின்) வழியே பிரிந்த வண்ணங்களுக்கு நியூட்டன் 17ஆம் நூற்றாண்டில் அதைப் பயன்படுத்தினார். இயற்பியலில் அது 'நிறமாலை' ஆனது அழகான ஆக்கம். ஆனால் வானொலி அலைக்கு நிறமில்லை. செய்தித்தாள்கள் கொண்டுவந்த 'அலைக்கற்றை' இங்கே சரியாகப் பொருந்துகிறது. மிச்சமிருக்கும் அலைவரிசையைச் சேனலுக்கே விட்டுவிடலாம். மக்கள் நாவில் அது அப்படித்தான் பதிந்திருக்கிறது.

அடுத்து, கணினித் தரவைத் தொலைபேசிக் கம்பியில் அனுப்ப உதவும் மோடம். தரவை அலையில் ஏற்றும் பண்பேற்றம், அதை மீண்டும் பிரித்தெடுக்கும் பண்பிறக்கம் என்ற இரண்டு வேலைகளுக்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளை ஒட்டிப் பிறந்த பெயர் அது. 1962இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டி வெளியிட்ட பெல் 103 மோடத்தை எடுத்துக்கொண்டால் அது என்ன செய்கிறது என்பது விளங்கிவிடும். அழைக்கும் பக்கத்து மோடம் சுழியத்தை 1070 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் ஒன்றை 1270 ஹெர்ட்ஸ் ஒலியாகவும் மாற்றி அனுப்பும். பதில் சொல்லும் பக்கம் 2025, 2225 என்ற வேறு இரண்டு ஒலிகளைப் பயன்படுத்தும். நான்குமே மேலே சொன்ன 300-3400 எல்லைக்குள் அடங்குவதைக் கவனியுங்கள். குரலுக்காகப் போட்ட கம்பியில் ஒரே நேரத்தில் இருபக்கமும் தரவு சென்றது இப்படித்தான். வேகம் நொடிக்கு 300 பிட். ஒரு சுழியமோ ஒன்றோதான் ஒரு பிட்.

மோடத்துக்கு 'இணக்கி' என்ற சொல்லும் உண்டு. இரண்டு வகைச் சைகைகளை (சிக்னல்களை) இணங்க வைப்பது என்ற கருத்து நன்று. ஆனாலும் பண்பேற்றம் என்ற வேலை அதில் வெளிப்படவில்லை. அதனால் கருவியை மோடம் என்றே வைத்துக்கொண்டு, அது செய்யும் வேலையைப் பண்பேற்றம் என்று தமிழில் விளக்குவதே என் விருப்பம். மோடத்தோடு சேர்ந்து வரும் 'பாட்' என்ற அலகைத் தமிழாக்கவே வேண்டாம். அது பிரெஞ்சுத் தந்திப் பொறியாளர் எமில் போதோவின் பெயரிலிருந்து வந்தது. சைகை நொடிக்கு எத்தனை முறை மாறுகிறது என்பதே பாட். ஒரு மாற்றத்தில் இரண்டு பிட்டுகளை ஏற்றினால் 600 பாடில் 1200 பிட் போகும். 'பாட்' வேறு, 'பிட்' வேறு.

தொலைத்தொடர்பு என்ற சொல்லுக்கு வருவோம். மூலச்சொல்லான டெலிகம்யூனிகேஷனை 1904இல் பிரெஞ்சில் ஆக்கியவர் எதுவார் எஸ்தோனியே. தொலைவைக் குறிக்கும் கிரேக்க முன்னொட்டோடு, பகிர்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லைச் சேர்த்தார். 1865இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டுத் தந்தி ஒன்றியம், 1932இல் மாட்ரிட் மாநாட்டில் இந்தச் சொல்லைத் தன் பெயரில் ஏற்றது. தமிழ்ச் சொல் இரு பாதிகளையும் நேராகத் தருகிறது. ஆனால் டெலிகிராஃபுக்குத் தமிழ் வேறு வழியில் போனது. மூலம் 'தொலை எழுத்து' என்கிறது. தமிழோ கம்பியைப் பார்த்து 'தந்தி' என்றது. தந்தி என்றால் நரம்பு, கம்பி. பிறகு கம்பியே தேவைப்படாத முறை வந்தபோது 'கம்பியில்லாத் தந்தி' என்று எழுதினார்கள். அதற்குள் தந்தி என்ற சொல் கம்பியை விட்டுச் செய்திக்குப் பெயராகிவிட்டதால் யாருக்கும் அது உறுத்தவில்லை.

இ-காமர்ஸ் தமிழில் மின்வணிகம். இலங்கையில் மின்வர்த்தகம் என்றும் வழங்கும். இதை 'இணைய வணிகம்' என்று எழுதினால் பொருள் சுருங்கும். ஐ.நா.வின் பன்னாட்டு வணிகச் சட்ட ஆணையம் 1996இல் தந்த மின்வணிக மாதிரிச் சட்டம், தரவுச் செய்தி என்பதில் மின்னஞ்சலோடு தந்தி, டெலக்ஸ் (தட்டச்சுச் செய்தியைக் கம்பிவழி அனுப்பும் முறை), தொலைநகல் ஆகியவற்றையும் சேர்த்தே வரையறுக்கிறது. இ-பிசினஸ் இதைவிடப் பெரியது. 1997இல் ஐ.பி.எம். தன் விளம்பரங்களால் அதைப் பரப்பியது. வாங்கல் விற்றலோடு கொள்முதல், இருப்பு, கணக்கு, வாடிக்கையாளர் சேவை எல்லாம் அதில் அடங்கும். 'மின்தொழில்' என்றால் மின்சாரத் தொழில் என்று மயங்க இடமுண்டு. 'இணையவழித் தொழில் நிர்வாகம்' என்று விரித்து எழுதுவதே இப்போதைக்கு நல்லது.

கடைசியாக, பணமும் வழக்கும் தொடர்புள்ளதால் கட்டாயம் பிரித்தறிய வேண்டிய இரண்டு சொற்கள்: மின்கையொப்பம் (எலக்ட்ரானிக் சிக்னேச்சர்), எண்ணிமக் கையொப்பம் (டிஜிட்டல் சிக்னேச்சர்). மின்னஞ்சலின் அடியில் தட்டிய பெயரும், வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து ஒட்டிய கையெழுத்துப் படமும் மின்கையொப்பமாகலாம். எண்ணிமக் கையொப்பம் அதில் ஒரு தனி வகை. அது மறையாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் முன்வைத்த பொதுச்சாவி மறையாக்கத்தில் வேர்கொண்டது. இதில் ஒருவருக்கு இரண்டு இணைச்சாவிகள்: எல்லோருக்கும் தெரியும் பொதுச்சாவி, அவர் மட்டும் வைத்திருக்கும் தனிச்சாவி. ஆவணத்திலிருந்து கணக்கிட்ட ஒரு சுருக்க எண்ணை, ஒப்பமிடுபவர் தம்மிடம் மட்டுமே உள்ள தனிச்சாவியால் பூட்டுகிறார். பெறுபவர் பொதுச்சாவியால் சரிபார்க்கிறார். ஒப்பமிட்ட பின் ஆவணத்தில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும். ஒட்டிய படம் இந்தக் காவலைத் தராது. ஒப்பந்தத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்த்த பிறகே ஒப்பமிடுங்கள்.