மாடித்தோட்டத் தளைக்குச் சிட்டா கேட்டால் என்ன செய்வது?

எங்கள் தெருவில் வாடகை வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருவர், மொட்டை மாடியில் நாலு கத்தரிச் செடி வைக்க ஆசைப்பட்டு, அரசு மானியத்தில் மாடித்தோட்டத் தளை, அதாவது பேச்சு வழக்கில் கிட், வாங்கப் போனார். முதலில் போனது வேளாண்மை அலுவலகம். அது தோட்டக்கலைத் துறையின் வேலை என்று அனுப்பிவிட்டார்கள். தோட்டக்கலை அலுவலகத்தில் சிட்டா, அதாவது நில உரிமையைக் காட்டும் வருவாய்த்துறைச் சான்று, கேட்டார்கள். சொந்த நிலம் இல்லை என்றதும், வீட்டு உரிமையாளரின் சொத்துவரி ரசீதைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதையும் எப்படியோ வாங்கிக்கொண்டு மூன்றாம் முறை போனபோது, 'தளை தீர்ந்துவிட்டது, அடுத்த லாட் வரட்டும்' என்றார்கள். பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் அவர் செலவழித்த பணம் தளையின் விலையைத் தாண்டியிருக்கும். அவருக்காக நான்காம் முறை நானும் கூடப் போனேன். அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகரங்களில் வீட்டுத் தோட்டத்துக்கு மானியத்தில் தளை வழங்கும் வழக்கம் 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 2021 டிசம்பரில் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டம் வந்தபோது, ரூ.900 மதிப்புள்ள தளை ரூ.225க்கு வழங்கப்பட்டது. 2025 ஜூலையில் ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கம் தொடங்கி, ஆறு வகைக் காய்கறி விதைகள் கொண்ட தொகுப்பு முழு மானியத்தில் தரப்பட்டது. பெயர் மாறிக்கொண்டே இருப்பதால், பழைய பெயரைச் சொல்லிக் கேட்பவரிடம் 'அந்தத் திட்டம் இப்போது இல்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட முடியும். அந்த வரி பொய்யும் அல்ல. ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காமல், 'இந்த நிதியாண்டில் வீட்டுத் தோட்டத்துக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள், எதற்கு எவ்வளவு பங்குத்தொகை' என்று கேளுங்கள்.

பலரும் முதலில் சறுக்குவது இலவசம் என்ற சொல்லில்தான். முழு மானியத்தில் கிடைப்பது விதைத் தொகுப்பு. அதில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை விதைகள் இருக்கும், பையும் இருக்காது, தென்னைநார்க் கழிவும் இருக்காது. செடி வளர்க்கும் பை ஆறு, இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டி ஆறு, விதைகள், உயிர் உரங்கள், வேப்பெண்ணெய் மருந்து எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தளைக்கு நம் பங்குத்தொகையைக் கட்ட வேண்டும். ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டு மற்றொன்றை எதிர்பார்த்துப் போய், ஏமாற்றிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். தரையில் ஏற்கெனவே மேட்டுப்பாத்தி அமைத்திருப்பவருக்கு விதைத் தொகுப்பே போதும். பைக்காக அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது சறுக்கல் மேட்டுப்பாத்தியைப் பற்றியது. செங்கல் அடுக்கியோ பலகை அடித்தோ பாத்தி கட்டுவதற்கு இந்தத் திட்டத்தில் ஒரு ரூபாயும் கிடையாது. நிழல்வலைக் கூடத்துக்குப் பாதி மானியம் உண்டென்று எங்கேனும் படித்துவிட்டு மாடியில் பந்தல் போடக் கிளம்பாதீர்கள். அது நிலம் வைத்துச் சாகுபடி செய்யும் விவசாயிக்கானது. சிட்டாவும், என்ன பயிர் செய்திருக்கிறார் என்பதைக் காட்டும் அடங்கலும் அங்கேதான் தேவைப்படுகின்றன. மேசையில் இருப்பவர் எல்லாத் திட்டங்களுக்கும் ஒரே பட்டியலை மனப்பாடமாக ஒப்பிப்பதால், மொட்டை மாடிக்கும் சிட்டா கேட்கப்படுகிறது. தளைக்கு ஆதார் நகலும் புகைப்படமும் போதும். வாடகைக்கு இருப்பவர், வீட்டு உரிமையாளரின் எந்தக் காகிதத்துக்காகவும் அவர் வாசலில் நிற்கத் தேவையில்லை.

அதற்கு மேலும் காகிதம் கேட்டால், வாக்குவாதம் வேண்டாம். 'எந்த ஆணையில் இது கேட்கப்பட்டிருக்கிறது என்று என் விண்ணப்பத்தின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், கொண்டுவருகிறேன்' என்று அமைதியாகச் சொல்லுங்கள். நான் கூடப் போன அன்று இதைச் சொன்னதும், மேசைக்காரர் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை காகிதத்தைப் பார்த்தார், பிறகு ஆதார் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு சொத்துவரி ரசீதைத் திருப்பித் தள்ளினார்.

போகவேண்டிய இடம் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். அதற்கு முன்பாக உழவன் செயலியிலோ துறையின் இணையதளத்திலோ பதிவு செய்துவிடுங்கள். பதிவெண் இல்லாமல் போனால், நீங்கள் வந்து போனதற்கு எந்தச் சான்றும் இருக்காது. பதிவெண் இருந்தால், தீர்ந்துவிட்டது என்பவரிடம் எனக்குப் பின்னால் பதிந்தவருக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்க முடியும். கைப்பேசி எண் உங்களுடையதாகவே இருக்கட்டும். எங்கள் அமைப்பாளர் அம்மாவுக்குப் பெங்களூரில் இருக்கும் மகனின் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தார்கள்; தளை வந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியை அந்த மகன் ஏதோ விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டார்.

ஒதுக்கீடு நிதியாண்டுக் கணக்கில் வட்டாரவாரியாக வருகிறது. ஆடிப்பட்டத்துக்கு விதைக்க வேண்டுமென்றால், ஆடி பிறந்த பிறகு அலுவலகம் போவது தாமதம். மார்ச் நெருங்கும்போது, இலக்கை முடிக்கும் அவசரத்தில் அவர்களே கூப்பிட்டுக் கொடுப்பதும் உண்டு. அப்படிக் கோடை வாசலில் தளை கைக்கு வந்தால், வெண்டை, கொத்தவரை, கீரை ஆகியவற்றை முதலில் விதையுங்கள், அவை வெயிலைத் தாங்கும். தக்காளியை அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் நட்டுவிட்டு, பூவெல்லாம் உதிர்கிறதே என்று அரசாங்கத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

தளை வாங்கும் நாளில் பெட்டியைக் கையில் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள். அந்தப் படம்தான் அவர்களுடைய கணக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுடைய கணக்கு. பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பிரித்து எண்ணுங்கள், பின்னால் வரிசை நின்றாலும் பரவாயில்லை. விதைப் பொட்டலத்தில் பரிசோதனைத் தேதியும், எந்த நாள் வரை செல்லும் என்பதும், முளைப்புத்திறன் எவ்வளவு என்பதும் அச்சிட்டிருக்கும். தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 சதவீதமும் வெண்டைக்கு 65 சதவீதமும் மிளகாய்க்கு 60 சதவீதமும் குறைந்தபட்சத் தரம். தேதி முடிந்த பொட்டலத்தை அங்கேயே மாற்றிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு யாரும் மாற்றித் தரமாட்டார்கள். சந்தேகம் இருந்தால் பத்து விதைகளை ஈரத் துணியில் முடிந்துவைத்துப் பாருங்கள். கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒரு வாரத்துக்கு மேலும் பொறுமை வேண்டும். அசோஸ்பைரில்லம் போன்ற உயிர் உரப் பொட்டலங்களிலும் தேதி உண்டு; அவற்றுக்குள் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள் என்பதால், வெயிலில் கிடந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பங்குத்தொகைக்கு ரசீது கேளுங்கள். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றால், புத்தகம் வந்த பிறகு பணம் கட்டுகிறேன் என்று சொல்லலாம். அரசு கிட் எடுத்துத் தருகிறேன் என்று தனியே பணம் வாங்குபவர்களிடம் கொடுத்த பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை.

அப்படியும் இழுத்தடித்தால் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் புகாரைப் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம், ஆனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். நான் அதிகம் நம்புவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத்தான். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டத் தோட்டக்கலை துணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்டால் ஒரு பக்கம் மழுப்பிப் பதில் வரும். உங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு எத்தனை தளை வந்தது, எந்தெந்தத் தேதியில் எத்தனை வழங்கப்பட்டது, இன்று கையிருப்பு எவ்வளவு என்று எண்ணிக்கையாகக் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

தளை கைக்கு வந்தபின் ஓர் எச்சரிக்கை. பையை விட்டுவிட்டு மாடியிலேயே மேட்டுப்பாத்தி கட்டிவிடலாம் என்று தோன்றும். நாலடி நீளம், மூன்றடி அகலம், ஓரடி உயரத்தில் கட்டி, தோட்ட மண்ணை நிரப்பி நனைத்தால் அரை டன்னுக்கு மேல் எடை நிற்கும். தளையில் வரும் ஆறு கட்டிகளும் ஊறினால் அந்தப் பாத்தியில் ஏறக்குறையப் பாதியை நிரப்பும். மீதிக்கு மண்ணைக் கொட்டித்தான் எடை கூடுகிறது. தளத்தில் ஏற்கெனவே ஒழுக்கு இருந்தால் பைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடகை வீடாக இருந்தால் இங்கே மட்டும் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.