கருவேப்பிலைத் தொட்டியும் ரஜூலா கப்பலும்: நூலகக் கவுண்டர்லேர்ந்து கொஞ்சம்

போன வருஷம் எங்க ஃபிளாட்ல பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சாங்க, காரிடோர்ல வச்சிருந்த கருவேப்பிலைத் தொட்டிய எங்க கொண்டு போறதுன்னு தெரியாம வேலைக்கே தூக்கிட்டு வந்து, கவுண்டர் ஓரமா சன்னல் வெளிச்சம் விழுற எடத்துல வச்சேன். பினாங்குல ஒரு பொது நூலகத்துல பதினெட்டு வருஷமா இருக்கேன், அந்த ரெண்டு வாரத்துல என்கிட்ட நின்னு பேசுனவங்க அளவுக்கு அதுக்கு முன்னாடி எந்த மாசத்துலயும் யாரும் பேசுனது கெடையாது. சாதாரணமா எங்ககிட்ட என்ன கேப்பாங்க? டாய்லெட் எங்க, வைஃபை பாஸ்வேர்ட் என்ன, ஃபோட்டோஸ்டேட் ஒரு பக்கம் எத்தன காசு. அதுக்கு மேல கேட்டா எங்கள தொந்தரவு பண்றதா நெனச்சுக்கிட்டு, தேடி வந்தது கெடைக்காமலே நிறைய பேரு திரும்பிப் போறாங்க, இத நான் தெனம் பாக்குறேன்.

காலைல பேப்பர் படிக்க ஒரு ஐயா வருவாரு, ரிட்டயர் ஆனவரு, மூணு வருஷமா எங்க பழக்கம் தலைய ஆட்டுறதோட சரி. தொட்டி வச்ச மூணாவது நாள் பக்கத்துல வந்து நின்னு, "ஏம்மா, எலையெல்லாம் ஓட்டையா இருக்கே, பாக்கலியா?"ன்னாரு. வெட்டுக்கிளியா இருக்கும் ஐயான்னேன். அவரு பேசாம ஒரு எலைய மெதுவா திருப்புனாரு, கறுப்பும் வெள்ளையுமா குருவி எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. எச்சம்தானேன்னு நான் டிஷ்யூ பேப்பர எடுக்கப் போனேன், "அத தொடச்சிடாத, புழுமா அது"ன்னாரு. எலுமிச்ச மரத்துல முட்ட வைக்கிற பட்டாம்பூச்சி கருவேப்பிலையிலயும் வைக்கும், ரெண்டும் ஒரே குடும்பத்துச் செடி, சின்னப் புழு எச்சம் மாதிரி இருக்கிறதாலதான் குருவி கொத்தாது, இதெல்லாம் அவரு சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொஞ்ச நாள்ல அது நல்ல பச்சையா தடிச்சிடுச்சு, டியூஷன் முடிஞ்சு வர்ற பசங்க பென்சில் முனையால லேசா தொட்டா தலைக்குப் பின்னாலேர்ந்து செகப்பா ரெண்டு கொம்ப நீட்டும், ஒரு மாதிரி புளிச்ச வாடை வேற அடிக்கும், பசங்க கத்துற கத்துல ரீடிங் ரூம்லேர்ந்து ஆளுங்க எட்டிப் பாப்பாங்க.

அந்த ஒரு செடியால ஐயா 635-ம் நம்பர் அலமாரிக்குப் போனாரு, அது தோட்டக்கலை. பசங்க 595.789-க்கு ஓடுனாங்க, அது பட்டாம்பூச்சி. தோட்டக்கலைன்னு எடுத்துக்கிட்டா தமிழ்ல எங்ககிட்ட ரெண்டு மூணுதான் இருக்கு, மலாய்ல நெறைய இருக்கு, ஐயா மலாய் நல்லாவே படிப்பாரு, ஆனா அந்த பக்கமே அவரு போனதில்லையாம், தமிழ் அலமாரியும் பேப்பரும்தான் நமக்குன்னு நெனச்சிட்டு இருந்திருக்காரு. மூணு வருஷமா பத்தடி தூரத்துல இருந்த புத்தகம்.

இதுக்கப்புறம்தான் எங்க ஆளுங்ககிட்ட பேசி ஒரு சின்ன வேலை ஆரம்பிச்சோம். ஒவ்வொருத்தரும் தபால் கார்டு அளவுல ஒரு அட்டை எழுதணும், எனக்கு இது பிடிக்கும், இதுக்கான புத்தகம் இந்த நம்பர்ல இருக்கு, என்கிட்ட கேளுங்க, அவ்வளவுதான். தமிழ், மலாய், சீனம், இங்கிலிஷ் எது வருதோ அதுல எழுதலாம். மேலதிகாரி என்ன சொல்லுவாங்களோன்னு பயந்தோம், அவங்களே முதல் ஆளா பாட்மிண்டன்னு எழுதிக் குடுத்தாங்க. கேட்டலாக் பிரிவுல ஒரு மலாய் அக்கா, வெளிய அதிகம் பேச மாட்டாங்க, வீட்டுல தையல் மெஷின் வச்சு, மலாய்ப் பொம்பளைங்க போடுற பாஜு கூரோங் உடுப்பு தைக்கிறவங்கன்னு எங்களுக்கே அவங்க அட்டைய படிச்சுதான் தெரியும். இப்ப சனிக்கிழமையானா நம்ம பொம்பளைங்க சேலை பிளவுஸுக்கு கைக்குழி எப்படி வெட்டுறதுன்னு கேட்டு அவங்ககிட்டதான் போறாங்க. 646.4-ல ஒரு பழைய தையல் புத்தகம், பின்பக்கச் சீட்டுல கடைசி சீல் 2011, அது இப்ப ரேக்குல நிக்கிறதே இல்ல.

சீர்காழியில 1892-ல பொறந்த ரங்கநாதன பத்தி நூலகம் படிச்ச எல்லாருக்கும் தெரியும். சென்னையில கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924-ல சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து, 1931-ல ஐந்து விதிகள வெளியிட்டாரு. அதுல ஒண்ணு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வாசகர் உண்டுங்கிறது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்குனேன். அந்த வாசகர் யாரு, எந்த அலமாரிக்கு முன்னாடி தயங்கி நிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிறது மனுஷன் பண்ண வேண்டிய வேலைன்னு அந்தத் தையல் புத்தகத்த பாத்தப்பதான் எனக்கு உறைச்சுச்சு.

எங்க வேன் டிரைவர் அண்ணன் கத இன்னும் பெருசு. அவருக்குக் கப்பல்னா உயிர், பட்டர்வொர்த் பக்கம் வளந்தவரு. அட்டையில "ரஜூலா"ன்னு மட்டும் எழுதி, அந்தக் கப்பலோட பழைய படம் ஒண்ணையும் பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டாரு. 1926-ல கட்டுன கப்பல் அது, சென்னை, நாகப்பட்டினத்துலேர்ந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பல வருஷம் ஓடுனது, இங்க இருக்குற எத்தனையோ குடும்பம் அதுல வந்து எறங்குனதுதான். ஒரு நாள் பேத்திய கூட்டிட்டு ஒரு பாட்டி வந்தாங்க, பேத்திக்கு பள்ளிக்கூட புரொஜெக்ட், பாட்டி சும்மா துணைக்கு. அந்தப் படத்துக்கு முன்னாடி நின்னவங்க நகரவே இல்ல. கைய நீட்டி படத்து மேல வெரல வச்சு, "இதுலதான் வந்தோம்"னாங்க. ஆறு வயசாம், அம்மா முந்தானைய பிடிச்சுக்கிட்டே வந்தாங்களாம், டெக்குல பாய் விரிச்சு படுத்தது, வாந்தி எடுத்தது, நோய் பரவாம இருக்க பினாங்கு பக்கத்துல ஜெரெஜாக் தீவுல எறக்கி வச்சிருந்தப்ப குளிக்க வச்ச மருந்துத் தண்ணி வாடை, எல்லாம் சொன்னாங்க. பேத்தி வாயத் தெறந்து பாத்துக்கிட்டு நிக்குது, "ஆச்சி, இதெல்லாம் நீங்க என்கிட்ட சொன்னதே இல்லையே"ங்குது. "நீ கேக்கலியே"ன்னாங்க பாட்டி.

அண்ணன் உடனே கம்ப்யூட்டர் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாரு. நிறைய பேருக்குத் தெரியாத விஷயம் இது: சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய பேப்பர்கள ஸ்கேன் பண்ணி இன்டர்நெட்ல இலவசமா போட்டிருக்காங்க, 1845-ல ஆரம்பிச்ச ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இருக்கு, நம்ம ஊரு பினாங் கெஸட் இருக்கு, தமிழ் முரசு இருக்கு, பழைய இதழ்கள்ல பெரும்பாலானத வீட்டுலேர்ந்தே படிக்கலாம். டெக்குல வந்த ஜனங்க பேரெல்லாம் பேப்பர்ல போட மாட்டாங்க, அத முன்னாடியே சொல்லிடணும், இல்லன்னா ஏமாந்து போயிடுவாங்க. ஆனா கப்பல் எந்தத் தேதி வந்துச்சுங்கிற செய்தி கெடைக்கும். பாட்டிக்கு வருஷம் சரியா ஞாபகம் இல்ல, தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னாடின்னு மட்டும் தெரியும், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல தேடுனாங்க. கடைசியா இதுவா இருக்கலாம்னு ஒரு பக்கத்த பிரிண்ட் எடுத்துக் குடுத்தாரு, பாட்டி அத மடிக்க விடல, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துட்டுப் போனாங்க. நூலகவியல் டிப்ளோமா எதுவும் படிக்காத மனுஷர், ஆனா அன்னைக்கு எங்க கட்டடத்துல நடந்த நல்ல வேலை அதுதான்.

தமிழ் புத்தகம் தேடுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், இது எங்க ஆளுங்களுக்கே சில நேரம் மறந்து போகுது. பல நூலகங்கள்ல கேட்டலாக்ல தமிழ்ப் புத்தகத்தோட பேர தமிழ் எழுத்துல ஏத்தாம ரோமன் எழுத்துல ஏத்தியிருப்பாங்க, அதுவும் நாம வாட்ஸ்அப்ல டைப் பண்ற மாதிரி இருக்காது. அந்த முறையில 'ச'வுக்கு எஸ் வராது, சி வரும். 'ழ'வுக்கு இசட்-எச் வராது, எல்-க்கு அடியில ஒரு கோடு வரும். அதனால 'சமையல்'னு எஸ் போட்டு தேடுனா ஒரு புத்தகமும் இல்லன்னு ஸ்கிரீன் சொல்லும், சி போட்டா வரிசையா வரும். எத்தன பேரு "தமிழ் புக்கே இல்ல லா"ன்னு திட்டிட்டுப் போயிருப்பாங்களோ. ஸ்கிரீன் இல்லன்னு சொன்னா நம்பிட்டுப் போயிடாதீங்க, கவுண்டருக்கு வாங்க.

இன்னொரு தம்பிக்கு நம்ம நாட்டுத் தமிழ்ச் சிறுகதைங்கன்னா ரொம்பப் பிரியம். அவன் அட்டைய பாத்துட்டு, சொந்தக் காசுல புத்தகம் போட்டவங்க அட்டைப்பெட்டியோட வந்து நிக்கிறாங்க. புத்தகத்துக்குப் போடுற ஐஎஸ்பிஎன் நம்பர் எங்க வாங்குறது, வெளியிட்டா கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்ல இருக்கிற தேசிய நூலகத்துக்கு 1986-ம் வருஷத்துச் சட்டப்படி அஞ்சு பிரதி குடுக்கணும்ங்கிறதெல்லாம் அவன்தான் பொறுமையா சொல்லுவான். அந்த அஞ்சு பிரதி போனாத்தான் நாளைக்கு நம்ம ஆளு எழுதுன புத்தகத்துக்குப் பதிவுன்னு ஒண்ணு இருக்கும்.

இதுல நான் பண்ண ஒரு தப்பையும் எழுதியாகணும். தொட்டிய பாத்துட்டு ஒரு ஆன்ட்டி, கருவேப்பிலை சாப்ட்டா சுகர் கொறையும்ங்கிறாங்களே உண்மையான்னு கேட்டாங்க. எங்க அம்மா தெனம் காலைல பத்து எல மெல்லுறாங்க, நல்லாத்தான் இருக்காங்கன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டேன். மூணு வாரம் கழிச்சு வந்தவங்க, நீ சொன்னியேன்னு மாத்திரைய பாதியா கொறச்சிட்டேன்மான்னாங்க. எனக்கு கையெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. அன்னைக்கே கிளினிக்குக்குப் போகச் சொல்லி, அவங்க மகளுக்கு அவங்க போன்லேர்ந்தே அடிச்சு பேச வச்சேன், நல்ல வேளை பெருசா ஒண்ணும் ஆகல. செடி வளக்குறத பத்தி நான் எவ்வளவு வேணா பேசலாம், ஒடம்பு, மருந்து, கோர்ட்டு கேஸ், காசு முதலீடு இதுலயெல்லாம் என் வீட்டு அனுபவம் வாய்ல வரக்கூடாது. இப்ப அப்படி யாராவது கேட்டா 616.462-ல இருக்குற நீரிழிவு புத்தகத்த எடுத்துக் குடுத்து, மாத்திரை விஷயம் டாக்டர்கிட்ட மட்டும்னு சேர்த்தே சொல்லுவேன். எங்க ஆளுங்க எல்லாருக்கும் இத சொல்லி வச்சிருக்கேன்.

அதே மாதிரி, எங்களுக்குப் பிடிச்சத நாங்க சொல்லலாம், நீங்க படிக்கிறத வெளிய சொல்ல மாட்டோம். ஒரு அக்கா வந்து, என் மருமக போன வாரம் என்னா புத்தகம் எடுத்துட்டுப் போனான்னு கேட்டாங்க, சொல்ல முடியாதுக்கான்னேன், கோவிச்சுக்கிட்டாங்க. கோவிச்சுக்கட்டும்.

பார்ட் டைமுக்கு ஒரு தங்கச்சி புதுசா வந்திருக்கு, எஸ்பிஎம், அதாவது அஞ்சாம் படிவப் பரீட்சை முடிச்ச பிள்ளை. அட்டைய நீட்டுனா, எனக்கு பிடிச்சதுன்னு ஒண்ணும் இல்லக்கான்னு மூணு நாள் வெத்தாவே வச்சிருந்துச்சு. கையப் பாத்தேன், மணிக்கட்டு வரைக்கும் மருதாணி, அவ்வளவு நுணுக்கமான கொடி. யாரு போட்டாங்கன்னேன், நானேதான், எடது கையால வலது கைக்குன்னு சொல்லுச்சு. அதையே எழுதச் சொன்னேன், நேத்து ஒட்டுனோம். இன்னைக்கு மத்தியானம் பள்ளிக்கூட யூனிஃபார்மோட மூணு பொண்ணுங்க, ஒரு மலாய், ரெண்டு தமிழ், கவுண்டர சுத்தி நின்னுக்கிட்டு இருந்துச்சுங்க, தங்கச்சி உடை, அலங்காரம் இருக்குற 391-ல தேடிக்கிட்டு இருந்த புத்தகத்த பாதியிலேயே விட்டுட்டு, ஒரு பழைய கேட்டலாக் கார்ட திருப்பிப் போட்டு, பேனாவால கொடி எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு போட்டுக் காட்டிக்கிட்டு இருந்துச்சு.