வெளுத்ததெல்லாம் ஒரே கொக்கு இல்லைங்க

பாரூர் பெரிய ஏரியில தண்ணி கொஞ்சம் இறங்குனதும் சேத்து ஓரமா வெள்ளை வெள்ளையா வந்து நிக்கும். கேட்டா எல்லாரும் கொக்குன்னு ஒரே பேர்ல முடிச்சிடுவாங்க, ஆனா அதுல நாலு ஜாதி கலந்து நிக்குது.

உண்ணிக்கொக்கு ஈஸி. குட்டைக் கழுத்து, மஞ்ச அலகு, மாட்டுக்கும் உழவு டிராக்டருக்கும் பின்னாடியே போய் கிளம்புற பூச்சியைப் பிடிக்கும். சின்னக் கொக்குக்கு அலகும் காலும் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள், அந்தப் பாதத்தை சேத்துல நடுக்கி நடுக்கி அலசி மிரண்டு ஓடுற மீனைக் கொத்தும். தண்ணிக்குள்ள பாதம் தெரியாது, அது காலைத் தூக்குற வரைக்கும் பொறுமையா இருக்கணும்.

சிக்கலே மிச்ச ரெண்டுலதான். நடுக்கொக்கு ஏறக்குறைய 65-70 செ.மீ., பெரிய கொக்கு 1 மீட்டர் வரைக்கும் வரும். புக்குல படிக்கறப்ப சுலபமாத்தான் இருக்கு, ஆனா ஏரி நடுவுல தனியா நிக்கறதுக்குப் பக்கத்துல ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் கிடையாது, எவ்ளோ தூரம்னு தெரியாம நம்ம மூளையால சைஸை சரியா கணக்குப் போட முடியாது, அதுலயும் கழுத்தை மடக்கி உக்காந்துட்டா பெருசும் சிறுசாத்தான் தெரியும். சரி கலரை நம்பலாமான்னா அதுவும் கஷ்டம். ரெண்டுக்கும் மஞ்ச அலகு, கூடு கட்டுற சீசன்ல ரெண்டுக்குமே கருப்பாயிடும். புதுசா வர்றவங்க நிறைய பேர் அந்தக் கருப்பைப் பார்த்துட்டு சின்னக் கொக்குன்னு எழுதிடறாங்க.

அதனால சீசனுக்கு சீசன் மாறாத ஒரு இடத்தைப் பார்க்கணும், அதுதான் வாய்க்கோடு. அலகு முடியற இடத்துல இருந்து வாய் பிளவு முகத்துல கோடு மாதிரி பின்னாடி போகும் பாருங்க, நடுக்கொக்குக்கு அது கண்ணுக்குக் கீழயே நின்னுடும், பெரிய கொக்குக்கு கண்ணைத் தாண்டிப் போகும். இது முகத்தோட அமைப்பு, சாயம் மாதிரி ஏறி இறங்காது. கழுத்தும் கொஞ்சம் உதவும். கொக்கு குடும்பத்துக்கே கழுத்துல ஆறாவது எலும்பு நீளம், அதனாலதான் வளைச்சு வச்சு சட்டுனு ஈட்டி மாதிரி குத்த முடியுது, பெரிய கொக்குக்கு அந்த மடிப்பு ஒடிஞ்ச மாதிரியே தனியா தெரியும்.

போன ஜனவரி காலைல ஒண்ணு நேரா என்னையே பார்த்துட்டு நின்னுச்சு, முன்னாடி இருந்து பார்த்தா வாய்க்கோடு தெரியவே தெரியாது. பைனாகுலரை இறக்காம ரொம்ப நேரம் கரையிலயே உக்காந்திருந்தேன், கை வலிச்சுது. அப்புறம் மீன் அசைஞ்சுதோ என்னவோ, தலையை ஒரு பக்கமா திருப்புச்சு. மெல்லிசா ஒரு கோடு, கண்ணைத் தாண்டி அந்தப் பக்கம் போய் முடிஞ்சுது. பெரிய கொக்குன்னு நோட்டுல எழுதிட்டுத்தான் எழுந்தேன்.