ஆயுதமும் கருவியும்: தச்சுப் பட்டறைச் சொற்கள்

திருகோணமலைத் தச்சுப் பட்டறைகளில் உளிக்கும் மரம் அறுக்கும் வாளுக்கும் சீவுளிக்கும் பொதுப்பெயர் 'ஆயுதம்'. "தம்பி, ஆயுதப் பெட்டியை இஞ்சால கொண்டு வா" என்று பெரியவர் சொன்னால், வேலை பழகும் பொடியன் உளிகள் கிடக்கும் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவான். "எந்த ஆயுதம் அண்ணை, சின்னதோ?" என்று அவன் கேட்டால் சின்ன உளியோ என்று அர்த்தம். பட்டறை வாசலைத் தாண்டிவிட்டால் அதே சொல்லுக்குத் துவக்கு, குண்டு என்றுதான் பொருள். 1983 முதல் 2009 வரை போரைப் பார்த்த மண் இது. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போது, உள்ளே இருப்பது ஆயுதம் என்று எந்தத் தச்சர் வாய் திறந்து சொல்லியிருப்பார்? அந்த இடத்தில் 'தச்சுச் சாமான்' என்பதுதான் பாதுகாப்பான சொல்.

ஆயுதம் வடசொல். போரிடுதலைக் குறிக்கும் 'யுத்' என்பது அதன் வேர். யுத்தம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, போரில் ஏந்துவது என்பதே முதற்பொருள். தமிழுக்கு வந்த பிறகு அது தொழிலாளியின் கையிலுள்ள இரும்பையும் சேர்த்துக்கொண்டது. நவராத்திரியில் வரும் ஆயுத பூசையை நினைத்துப் பாருங்கள். பட்டறையில் அன்று சந்தனமும் குங்குமமும் வைக்கப்படுவது உளிக்கும் வாளுக்கும்தான். சரி, போர்ச்சொல்லைத் தொழிலுக்கு எடுத்தது பட்டறைக்காரர் செய்த பிழை என்று சிலர் திருத்த வருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ் தன் சொந்தச் சொல்லிலும் இதையேதான் செய்திருக்கிறது.

அந்தச் சொந்தச் சொல் 'படை'. இன்று படை என்றால் சேனை. பழைய தமிழில் சேனையும் படை, கையிலுள்ள கருவியும் படை. புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் சொல்கிறார்: "பொருபடை தரூஉம் கொற்றமும் உழுபடை ஊன்றுசால் மருங்கின் ஈன்றதன் பயனே." போரிடும் படை வாங்கித் தரும் வெற்றியும், கலப்பை உழுத சாலில் விளைந்ததன் பயன்தான் என்கிறார். பொருவதும் படை, உழுவதும் படை. அரசனிடம் வரிச்சலுகை கேட்க வந்த புலவர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசும்போது, உழவனின் இரும்புக்கும் அரசனின் சேனைக்கும் ஒரே மதிப்பு வந்துவிடுகிறது. ஆகவே உளியை ஆயுதம் என்று சொல்லும் தச்சர் பழைய வழக்கின் தடத்தில்தான் நடக்கிறார்.

அப்புறம் 'கருவி'. ஆயுதம் என்ற சொல்லுக்கு ஈடாக எழுத்தில் நாம் எடுக்கவேண்டிய தமிழ்ச்சொல் இதுதான். தொல்காப்பிய உரியியலில் இதற்கு இரண்டே சொல்லில் ஒரு நூற்பா இருக்கிறது: "கருவி தொகுதி." கருவி என்றால் கூட்டம், பலவும் சேர்ந்து நிற்பது. சங்கப் பாடல்களில் 'கருவி வானம்' என்று வரும் இடங்களில் இடி, மின்னல், மழை என்று எல்லாம் கூடிய மேகம் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். திருக்குறளுக்கு வரும்போது இன்றைய பொருள் தெளிவாக நிற்கிறது. "பொருள்கருவி காலம் வினையிடனொடு ஐந்தும் இருள்தீர எண்ணிச் செயல்" என்ற 675ஆம் குறளில் ஒரு வேலையைத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டிய ஐந்தில் கருவி ஒன்று. தொகுதி என்ற கருவியும் வேலை செய்யும் கருவியும் ஒரே சொல்தானா, ஒலி ஒத்த இரண்டு சொற்களா என்று இலக்கணக்காரர் வாதிடலாம். தச்சு வேலையைக் கிட்ட நின்று பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றையொன்று தேடி வருவது தெரியும்.

யன்னல் கதவுக்குப் பிணைச்சல், அதாவது கீல், பதிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வேலைதான். பிணைச்சலைச் சட்டத்தின் விளிம்பில் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போடுவார். கோடு நேராக இருக்கிறதா என்று மூலைமட்டத்தை வைத்துப் பார்ப்பார். பிறகு கோட்டின் மேல் உளியை நிமிர்த்தி வைத்து, கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலால் மெல்லத் தட்டுவார். இடையிடையே குறுக்கு வெட்டுகள் போடுவார். அதன் பிறகு உளியைச் சாய்த்து, தகட்டின் தடிப்பு அளவுக்கு மட்டும் சீவி எடுப்பார். பிணைச்சல் உள்ளே இறங்கி, மரத்தோடு மட்டமாக நிற்கவேண்டும். ஒரு மயிரிழை கூடுதலாகத் தோண்டினாலும் கதவு முழுதாகச் சாத்தாமல் இறுகும். அப்படி ஆகிவிட்டால் தகட்டுக்கு அடியில் மெல்லிய மட்டை ஒன்றை வெட்டி வைத்து உயர்த்துவார்கள். கடைசியில் திருகாணி. ஒரு பிணைச்சலுக்குள் ஐந்தாறு கருவி கை மாறிவிடும். எழுந்துபோய்த் தேடி எடுத்தால் வேலை குழம்பும், அதனால் எல்லாம் வாங்குப் பலகையின் மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். இப்படி ஒன்றுக்கு மற்றது துணையாகக் கிடக்கும் கூட்டத்தைத் 'தொகுதி' என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பாடப் புத்தகங்களிலும் அரச அலுவலகங்களிலும் 'உபகரணம்' என்று எழுதுவார்கள். அதுவும் வடசொல்தான். உப என்றால் அருகில், கரணம் என்றால் செய்வதற்குத் துணையாவது. பொருள் நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் கைக்கருவி என்று ஒரு நல்ல சொல் இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. பட்டறையில் ஆயுதம், எழுத்தில் கருவி, கையால் இயக்குவதைத் தனித்துச் சொல்லக் கைக்கருவி. இந்த மூன்றுமே போதும் என்பது என் எண்ணம். 'டூல்ஸ்' என்று நாலாவதாக ஒன்று இளையவர்கள் வாயில் வந்துவிட்டது. அதுதான் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது, ஏனென்றால் பொதுப்பெயர் போனால் அடுத்ததாகத் தனிப்பெயர்கள் போகும்.

அந்தத் தனிப்பெயர்கள் எவ்வளவு உறுதியாக நின்றிருக்கின்றன என்று பாருங்கள். போர்த்துக்கீசர் 1620களில் கோணேசர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். இலங்கைக் கரையோரம் முழுவதும் இவர்கள் விட்டுப்போன சொற்கள் நம் வீட்டுத் தளபாடங்களில் நிறைந்திருக்கின்றன. அலுமாரி, கதிரை, மேசை, யன்னல் எல்லாம் போர்த்துக்கீசம். இழுப்பறையைக் குறிக்கும் லாச்சி ஒல்லாந்தர் சொல். தச்சர் இருந்து வேலை செய்யும் வாங்கு கூட 'பாங்கோ' என்ற போர்த்துக்கீசச் சொல்லின் திரிபு. செய்யப்படும் பொருளின் பெயர்கள் இப்படிக் கப்பலேறி வந்தன. செய்யும் கருவியின் பெயர்களோ உளி, வாள், சீவுளி, வாய்ச்சி, அரம், குறடு என்று அப்படியே இருந்துவிட்டன. புதிய எசமான் புதிய வடிவத்தில் கதிரை கேட்டான், அதன் பெயரையும் அவனே சொன்னான். அதைச் செய்துகொடுத்த கைக்கு ஏற்கெனவே பழகிய இரும்பு போதுமாக இருந்தது, பெயர் மாறவேண்டிய தேவை வரவில்லை. இந்த வேறுபாட்டைக் கவனித்த நாளிலிருந்து பட்டறைப் பேச்சின் மேல் எனக்கு இருந்த மதிப்பு இன்னும் கூடியது. அலவாங்கு, அதாவது கடப்பாரை, மட்டும் ஒரு விலக்கு. அது போர்த்துக்கீசச் சொல், கருவியின் பெயரும்கூட. ஆனால் அது மரம் செதுக்குபவரைவிட மண் தோண்டுபவர் கையில்தான் அதிகம்.

இனி வாள். தமிழ்நாட்டில் ரம்பம் என்பார்கள், இங்கே வாள். வேறு ஊரிலிருந்து வருபவர் "வாளை எடு" என்று கேட்டால் திடுக்கிடலாம். ஆனால் இது பழைய பொருள். "நாளென ஒன்றுபோற் காட்டி உயிர்ஈரும் வாளது உணர்வார்ப் பெறின்" என்ற 334ஆம் குறளில் வரும் வாள் ஈரும் வாள். ஈர்தல் என்றால் அறுத்தல். ஒவ்வொரு நாளும் வந்து போவதும் வாள் முன்னும் பின்னும் இழுபட்டு மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதும் ஒன்றாகத் தெரிகிற இடம் அது. போர்வாளை நினைத்துப் படித்தால் குறளின் பாதி போய்விடும், ஏனென்றால் போர்வாள் ஒரே வீச்சில் முடித்துவிடும். 'வாள் ஒளி ஆகும்' என்றும் உரியியல் சொல்கிறது. மினுங்கும் தகட்டுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

வாளின் பல்லை உற்றுப் பார்த்தால் ஒன்று இடப்பக்கமும் அடுத்தது வலப்பக்கமும் சற்று வளைந்திருக்கும். அதனால் வெட்டு, தகட்டின் தடிப்பைவிடக் கொஞ்சம் அகலமாக விழுகிறது, வாள் மரத்துக்குள் சிக்காமல் ஓடுகிறது. பல் மழுங்கினால் மூன்று மூலை அரத்தால் ஒவ்வொன்றாகத் தீட்டவேண்டும். அரத்தின் பெயரும் குறளில் உண்டு. "அரம்போலும் கூர்மைய ரேனும் மரம்போல்வர்" என்று பண்பில்லாதவரைச் சொல்கிறார் வள்ளுவர். அரமும் மரமும் எதுகைக்காக மட்டும் பக்கத்தில் வந்தவை என்று நான் நினைக்கவில்லை. பட்டறையிலும் அவை பக்கத்தில்தான் இருக்கின்றன.

உளி ஒரு குடும்பத்தின் தலைப்பெயர். நகம்போல் வளைந்த வாய் உள்ளது நகவுளி. கட்டைக்குள் இரும்பு பொருத்தி மேல்பரப்பைச் சீவுவது சீவுளி. தமிழ்நாட்டில் அதை இழைப்புளி என்பார்கள். இழைத்தல், சீவுதல் இரண்டும் நல்ல வினைச்சொற்கள். இரண்டு கரையிலும் உளி என்ற அடிச்சொல் மாறவில்லை. மூலைமட்டம், நீர்மட்டம் இரண்டும் கேட்டவுடன் விளங்கும் சொற்கள். குறடு, சுத்தியல் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்தவை.

கருவியைப் பிடிப்பவரின் பெயரையும் சொல்லவேண்டும். தச்சன் சங்கப் பாட்டிலேயே இருக்கிறான். புறநானூறு 206இல் ஔவையார், மழுவோடு காட்டுக்குப் போகும் "மரங்கொல் தச்சன் கைவல் சிறாஅர்" பற்றிச் சொல்கிறார். தொழில் தெரிந்த பிள்ளைகள் அவர்கள், எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்பது அவருடைய துணிவு. கிழக்கு மாகாணத்தில் தச்சருக்கு 'ஓடாவி' என்றும் ஒரு பெயர் உண்டு. மரக்கலம் கட்டுபவர் என்பது அதன் பழைய பொருள். ஓடம் என்ற சொல்லோடு அதன் உறவு காதுக்கே தெரிகிறது. துறைமுகமும் காடும் அடுத்தடுத்து இருக்கும் எங்கள் மாவட்டத்துக்கு அந்தப் பெயர் மிகவும் பொருந்தும். 1659இல் மசூலிப்பட்டினத்தில் புயலில் பாய்மரம் இழந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் போடுவதற்காக வந்து நின்றது மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில்தான். அங்கேதான் அந்தக் கப்பலில் வந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். பிற்காலத்தில் ஆங்கிலேயரின் மர வணிகத்தில் சவண்டலை மரத்துக்கு 'திருகோணமலை மரம்' என்றே பெயர். சிங்களத்தில் ஹல்மில்ல என்பது அதுதான். வளைந்து கொடுக்கும், எளிதில் முறியாது. மதராசில் கரையலையைத் தாண்டப் பயன்பட்ட மசூலாப் படகுகளுக்கும், எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும், வண்டிகளுக்கும் அதை வாங்கினார்கள்.

கடைசியாக, அழியும் நிலையில் இருக்கும் ஒரு சொல். மின்சாரத்தில் துளை போடுவதை இன்று எல்லாப் பட்டறையிலும் 'டிறில் மெசின்' என்கிறார்கள். அதற்கு முன் இருந்தது துரப்பணம். ஒரு தண்டின் நுனியில் இரும்பு அலகு, தண்டைச் சுற்றி ஒரு கயிறு, கயிற்றின் இரு முனையும் வளைந்த வில்லில் கட்டியிருக்கும். தலைப்பக்கத்தை ஒரு சிரட்டையால் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் வில்லை இழுத்துத் தள்ளினால் தண்டு ஒருமுறை வலமும் ஒருமுறை இடமும் சுழலும். அதனால் அலகை இரண்டு பக்கமும் வெட்டும்படி தீட்டி வைப்பார்கள். துரத்தல் என்றால் செலுத்துதல், துளைத்தல். சொல்லே வேலையைச் சொல்லிவிடுகிறது. பட்டறையிலிருந்து விரட்டப்பட்ட இந்தச் சொல் இன்று வேறு இடத்தில் பெரிய வேலை பார்க்கிறது. கடலடியில் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் துளையிடுவதை 'எண்ணெய் துரப்பணம்' என்று செய்திகளில் எழுதுகிறார்கள். மன்னார்க் கடலில் 2011இல் எரிவாயு கண்டபோதும் அந்த வேலைக்குப் பொருந்திய தமிழ்ச்சொல் இதுதான். கடலடியைத் துளைக்கும் இயந்திரத்துக்குப் போதுமான சொல் கதவுச் சட்டத்தைத் துளைக்கும் இயந்திரத்துக்கும் போதும். 'மின்துரப்பணம்' என்று பட்டறைப் பெயர்ப்பட்டியலில் எழுதத் தொடங்கலாம்.