குறுக்கே நிற்கும் ‘குறுக்குக் கலாச்சாரம்’

போன மாதம் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சபை ஒன்றில் மிஷனெரி ஞாயிறு. வடக்கே இருந்து வந்த பேச்சாளர் ஆங்கிலத்தில் பேச, ஒரு தம்பி பக்கத்தில் நின்று தமிழாக்கினார். வேறு மொழியும் வழக்கமும் உள்ள மக்களிடம் நற்செய்தி கொண்டுபோவதைப் பேச்சாளர் ‘கிராஸ்-கல்ச்சரல் மிஷன்’ என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் தம்பி சளைக்காமல் ‘குறுக்குக் கலாச்சார ஊழியம்’ என்றார். பதினோரு தடவை. எண்ணினேன். எனக்குப் பின்வரிசையில் இருந்த பாட்டி மகளிடம் மெல்லக் கேட்டார்: “ஏட்டி, அவியளுக்குக் குறுக்குல என்ன செய்யுதாம்?”

திருநெல்வேலிப் பக்கம் குறுக்கு என்றால் முதுகின் அடிப்பகுதி. குறுக்கு வலிக்கு எண்ணெய் தேய்ப்போம், ஒத்தடம் கொடுப்போம், ஜெபமும் பண்ணுவோம். பாட்டியின் சந்தேகத்தில் ஒரு பிழையும் இல்லை.

அந்தத் தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. துண்டுப்பிரசுரங்களிலும் பயிற்சி வகுப்புக் குறிப்புகளிலும் இந்தச் சொல்லைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். ஒரு குறிப்பில் ‘சிலுவைக் கலாச்சாரம்’ என்றுகூட இருந்தது. கிராஸ் என்றால் சிலுவைதானே, ஊழியமும் கிறிஸ்தவ ஊழியம்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள் போல.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மிஷன் என்பது லத்தீன் ‘மித்தெரே’ என்ற வினையிலிருந்து வந்தது. அனுப்புதல் என்று பொருள். பிதா குமாரனை அனுப்பியதைப் பற்றிப் பேசும்போது இறையியலார் ஆண்ட சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபையார் தங்கள் ஆட்களைத் தூர நாடுகளுக்கு அனுப்புவதற்கு அதைக் கையாளத் தொடங்கினார்கள். கல்ச்சர் என்பதற்கு வேர் உழுது பயிரிடுதல். கிராஸ் லத்தீன் ‘குருக்ஸ்’ என்பதன் வழி வந்தது. முதலில் சிலுவை, பிறகு சிலுவை போல் குறுக்காகக் கிடப்பது, அதற்கும் பிறகு ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போவது. நம்முடைய சொல்லில் இருப்பது இந்தக் கடைசிப் பொருள். தமிழாக்கியவர்கள் நடுவிலேயே இறங்கிவிட்டார்கள்.

தமிழில் பண்பாடு என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. தனக்குத் தெரிந்தவரை 1937-ல் ரசிகமணி டி.கே.சி.தான் அதை முதலில் பயன்படுத்தினார் என்று வையாபுரிப்பிள்ளை எழுதியிருக்கிறார். ஆனால் நிலத்தைப் பண்படுத்துவது பழைய வழக்கு. உழவில் பிறந்த லத்தீன் சொல்லுக்கு உழவுவாடை உள்ள தமிழ்ச்சொல் வாய்த்தது நல்ல பொருத்தம். கலாச்சாரம் என்பதில் எனக்குத் தனியாக ஒரு சண்டை உண்டு. கலாவும் ஆசாரமும் சேர்ந்தால் கலாசாரம்தான் வரும், நடுவில் அந்த ‘ச்’ எங்கிருந்து வந்தது? அது இருக்கட்டும், வேறொரு நாள் பார்ப்போம்.

‘கிராஸ்-கல்ச்சரல்’ என்ற பெயரடை மிஷன் வட்டாரத்தில் அழுத்தமாக ஒலித்தது 1974-ல். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உலக நற்செய்தி மாநாடு கூடியது. அங்கே ரால்ஃப் விண்டர் என்ற அமெரிக்கர், நற்செய்திப் பணியை (ஆங்கிலத்தில் இவாஞ்சலிசம், அதன் முதலெழுத்து ‘இ’) இ-1, இ-2, இ-3 என்று மூன்றாகப் பிரித்துக் காட்டினார். தன் மொழியும் பழக்கமும் உள்ளவரிடமே போவது முதலாவது. கொஞ்சம் வேறுபட்ட, ஆனால் உறவுள்ள மக்களிடம் போவது இரண்டாவது. மொழி, உணவு, உறவுமுறை, பயம், பக்தி எல்லாமே வேறாக இருக்கும் மக்களிடம் போவது மூன்றாவது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசும் சாட்சி எட்டாத மக்கள் உலகில் ஏராளம், அவர்களிடம் யாராவது தங்கள் வட்டத்தை விட்டுப் போய்த்தான் ஆகவேண்டும் என்பது அவர் வாதம். இதில் தூரத்தை மைல்கணக்கில் அளக்கவில்லை என்பதுதான் முக்கியம். ஒரே தெருவில் இ-3 இருக்கலாம்.

இப்போது குறுக்குக்கு வருகிறேன். அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உடனே எடுத்துக் காட்டுவது குறுக்கு விசாரணை. அங்கே ஒத்துக்கொண்டீர்களே, இங்கே மட்டும் ஏன் கசக்கிறது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் சாட்சியின் பேச்சை உண்மையிலேயே குறுக்கே வெட்டுகிறார். அந்தச் சொல் அந்த வேலைக்குப் பொருந்தியதால் நின்றது. குறுக்குத் தெரு ஒரு தெருவை வெட்டுகிறது, குறுக்குச் சுவர் அறையை வெட்டுகிறது, குறுக்கெழுத்து நெடுக்கெழுத்தை வெட்டுகிறது. மனிதர்களிடம் வந்தால் குறுக்கு இன்னும் கெட்டுவிடும். குறுக்குப் புத்தி, குறுக்கு வழி, குறுக்கே விழுவது, பூனை குறுக்கே போவது என்று நல்ல சகவாசமே கிடையாது. ஒரு மக்களின் வாழ்க்கையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவதுதான் இந்த ஊழியம் என்றால் சொல் பொருத்தம்தான். மிஷன் வரலாற்றில் அப்படி நடந்த பக்கங்களும் இருக்கின்றன. ஆனால் அந்த ஞாயிறன்று காணிக்கை எடுத்தது அதற்காக இல்லை.

சரி, குறுக்கை விரட்டிவிடலாம். அதைவிட மரியாதையாக உடுத்திக்கொண்டு வரும் இன்னொரு சொல்தான் எனக்குப் பெரிய தொந்தரவு: ‘பண்பாடு கடந்த அருட்பணி’. படித்தவர்கள் ஆளும் சொல். காதுக்கு இனிமை, இலக்கணத்தில் பிழையில்லை. பிழை பொருளில் இருக்கிறது.

தமிழில் ஒன்றைக் ‘கடந்த’ என்றால் அதற்கு அப்பால் போய்விட்டது, அது இனி ஒட்டாது என்று பொருள். சாதி கடந்த திருமணத்தில் சாதிக்கு இடமில்லை. கட்சி கடந்த கூட்டத்தில் கொடி இருக்காது. காலம் கடந்தவர், மனம் கடந்தவர் என்று கடவுளைச் சொல்கிறோம். அப்படியானால் பண்பாடு கடந்த அருட்பணி என்பது எந்தப் பண்பாடும் ஒட்டாத பணி ஆகிறது. அப்படி ஒன்று உலகத்தில் இல்லை. இருப்பதாக நினைப்பதுதான் இந்தப் பணியின் மிகப் பழைய வியாதி. என்னிடம் இருப்பது கலப்பில்லாத நற்செய்தி, பண்பாடு என்பது எதிரே இருப்பவனிடம் மட்டும் இருப்பது என்ற நினைப்பு. ஐரோப்பியர் அந்த நினைப்போடு கோதிக் கோபுரத்தையும் பைப் ஆர்கனையும் நற்செய்தியின் பாகம் போலக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நாமும் இளைத்தவர்கள் இல்லை. நம் பாமாலையில் பாதி மெட்டு ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தது என்பதை மறந்துவிட்டு, மலைக்கிராமத்துச் சபையில் அதே மெட்டை அவர்கள் மொழியில் பாடவைத்துவிட்டு, ‘எவ்வளவு அழகா நம்மள மாதிரியே பாடுறாங்க’ என்று உருகுகிறோம்.

கடக்கவேண்டியது பண்பாட்டை இல்லை, பண்பாட்டு எல்லையை. ‘பண்பாட்டு எல்லை கடந்த’ என்று முழுதாகச் சொன்னால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் மேடையில் யாரும் அவ்வளவு நீளம் சொல்லப்போவதில்லை. ‘எல்லை’ முதலில் உதிரும், பழைய கதை திரும்ப வரும்.

இதைத் தெரிந்து நடந்தவர்களும் உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். பூணூலும் குடுமியும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்ற வழக்கு ரோம் வரை போய், 1623-ல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி சில நிபந்தனைகளோடு அவற்றை அனுமதித்தார். ‘பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகுதல்’, அதாவது பிறர் இயல்பறிந்து நடப்பதே பண்பு என்ற கலித்தொகை வரிக்கு நோபிலியைக் காட்டலாம். முழுதாகக் காட்ட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பிராமணர் வழக்கத்தை அறிந்து ஒழுகியதில் சாதிப் பிரிவையும் அவர் அப்படியே விட்டுவைத்தார். தாழ்த்தப்பட்டோரிடம் போகப் பின்னால் பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்களே தேவைப்பட்டார்கள். ஒரே ஊர், ஒரே மொழி, நடுவில் ஒரு தாண்ட முடியாத வாய்க்கால்.

சாதி என்றதும் இன்னொரு மொழிபெயர்ப்பு நினைவுக்கு வருகிறது. பழைய வேதாகமத்தில் மத்தேயு 28:19 ‘சகல ஜாதிகளையும் சீஷராக்கி’ என்றிருக்கும். கிரேக்க மூலத்தில் உள்ளது ‘எத்னே’, அதாவது மக்களினங்கள். அந்தக் காலத்தில் ஜாதி என்ற சொல் அதற்கும் இடம் கொடுத்தது. இன்று வாசிக்கிறவனுக்கு வேறு பட்டியல்தான் கண்முன் வரும். 1995-ல் வந்த திருவிவிலியம் ‘எல்லா மக்களினத்தாரையும்’ என்று தெளிவாக்கியது. ஆனாலும் ஞாயிறு பிரசங்கங்களில் இன்றும் ஜாதிகள்தான் ஒலிக்கிறது.

அப்படியானால் எது சரி? ‘பல்பண்பாட்டு’ ஆகாது. பல பண்பாடுகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அது. ‘இடைப்பண்பாட்டு’ என்பது இன்டர்கல்ச்சரலுக்கு உரியது, இரு தரப்பும் நடுவில் சந்திப்பது. கலிபோர்னியாவின் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் 1965-ல் தொடங்கிய உலக மிஷன் பள்ளியும் பிற்பாடு அந்தப் பெயருக்கு மாறியது. மிஷன் என்ற சொல்லைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் காலம் இது. ‘இடைப்பண்பாட்டு’ நல்ல சொல்தான், ஆனால் ஒருவர் தன் வீட்டை விட்டு இன்னொருவர் வீட்டுக்குப் போகிறார் என்ற செய்தி அதில் இல்லை.

என் வாக்கு ‘பிறபண்பாட்டுப் பணி’க்கு. ‘பிற’ என்றால் பிரித்துவைப்பது ஆகாதா என்று நண்பர் ஒருவர் மடக்கினார். யூதர் அல்லாதவரை வேதாகமம் சொல்லும் புறஜாதி என்ற சொல்லிலிருந்து இதற்கு ஓர் உயிரெழுத்துதானே வித்தியாசம் என்றார். பழைய வேதாகமத்தையே அவருக்குத் திறந்து காட்டினேன். ‘உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும் அன்புகூருவாயாக.’ ‘எனக்குப் பிறன் யார்?’ என்று நியாயசாஸ்திரி கேட்கிறான், பதிலாக ஒரு சமாரியன் கதையில் வருகிறான். நம் கிறிஸ்தவத் தமிழில் பிறன் என்றால் தள்ளிவைக்கப்பட்டவன் இல்லை, அன்புகூரச் சொல்லிக் கட்டளை பெற்ற ஆள். புற வெளியே நிறுத்தும், பிற எதிரே நிறுத்தும். தவிர, ‘பிற’ என்று சொன்ன உடனேயே ‘என்’ என்று ஒன்று இருப்பதும் ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. எனக்கும் ஒரு பண்பாடு இருக்கிறது, மூட்டையில் அதுவும் வருகிறது.

வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியாவை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றவர். அதன் பணித்தளம் தெலுங்கு பேசும் டோர்னக்கல். அங்கே அவரே போய்த் தெலுங்கு படித்து வாழ்ந்தார். 1910 எடின்பரோ உலக மிஷன் மாநாட்டில் வெள்ளை மிஷனெரிமார் நிறைந்த சபையில் எழுந்து, ஏழைகளுக்காகப் பொருளையும் உடலையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், ‘எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்’ என்றார். அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். டோர்னக்கலில் அவர் எழுப்பி 1939-ல் திறந்த பேராலயத்தில் கோயில் தூணும் மசூதிக் குவிமாடமும் சேர்ந்தே இருக்கும். பண்பாட்டைக் கடந்த கட்டடம் என்று அதை யாரும் சொல்ல முடியாது.

இன்று வாய்க்கால்கள் இடம் மாறிவிட்டன. பல நாடுகள் மிஷனெரி என்றால் விசா தருவதில்லை. ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் மதமாற்றத் தடைச் சட்டங்கள் இருக்கின்றன. அதே சமயம் திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் சென்னைக் கட்டட வேலையிலும் ஒடியாவும் இந்தியும் பேசுகிறவர்கள் நம் தெருவிலேயே குடியிருக்கிறார்கள். அவர்களிடம் போக யாரும் கடலையோ மலையையோ ‘கடக்க’ வேண்டியதில்லை, பேசக் கற்றுக்கொண்டால் போதும். அதற்கு ஆள் சேர்ப்பதுதான் கடினமாக இருக்கிறது, ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைக்கு ஆள் சேர்ப்பதைவிட.

பணி என்ற பாதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அருட்பணி நல்ல சொல், ஆனால் கத்தோலிக்கர் குருவானவர் பெயருக்கு முன்னால் ‘அருட்பணி’ என்று போடுகிறார்கள், அதனால் இரண்டும் குழம்பும். அனுப்புதல் என்ற மூலப்பொருளும் அதில் இல்லை. தூதுப்பணி என்றால் தூதரகம் நினைவுக்கு வருகிறது. மிஷன், மிஷனெரி என்பவற்றை அப்படியே விட்டுவிடலாம் என்பதுதான் என் எண்ணம். நம் பாட்டிமார் மிஷன் காம்பவுண்டு, மிஷன் ஆஸ்பத்திரி என்று நூறு வருடமாகச் சொல்லி அதைத் தமிழாக்கிவிட்டார்கள். புரியும் கடன்சொல்லை விரட்டிவிட்டுப் புரியாத தமிழை உட்காரவைப்பதில் எனக்குப் பற்றில்லை.

நம் முன்னோர் சொல்லுக்காகச் சண்டை போட்டார்கள். கடவுளைச் சொல்லப் பராபரனா, சர்வேசுரனா, தேவனா என்று தலைமுறை தலைமுறையாக வாதாடினார்கள். யாழ்ப்பாணத்தில் மிஷனெரி பீட்டர் பெர்சிவல், சைவரான ஆறுமுக நாவலரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கினார். 1850-ல் அது வந்ததும் இந்தியப் பக்கத்து மிஷனெரிமார் ஏற்கவில்லை, வேறு குழு அமைத்து, 1871-ல் இன்னொன்று வந்தது. இன்று ஒரு சொல்லைச் செல்பேசியில் தட்டி, வருகிற முதல் வரியை அச்சுக்கு அனுப்பிவிடுகிறோம்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியைப் பிடித்தேன். பிறபண்பாட்டுப் பணி என்று சொல்லிப் பாருங்களேன் என்றேன். “அண்ணாச்சி, அவர் பேசுற வேகத்துல அதெல்லாம் வாய்ல நுழையாது” என்றார். சாயங்காலக் கூட்டத்தில் அதே சொல் வந்தபோது ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, ‘வேற ஜனங்க மத்தியில போய்ச் செய்யுற ஊழியம்’ என்றார். மேடைக்கு என்னுடையதைவிட அது நன்றாக இருந்தது.

நேற்று அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி. ‘அன்ரீச்டு பீப்பிள்’ என்பதை ‘எட்டப்படாத மக்கள்’ என்று போட்டிருக்கிறார்கள், அதைப் படித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒருவர் எட்டப்பனுக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறாராம், என்ன சொல்லட்டும் என்று. அதற்குத் தனியாக உட்காரவேண்டும்.