பள்ளி மேலாண்மைக் குழுவில் ஆசிரியரின் இடம் என்ன?

வகுப்பறைக்கு மின்விசிறி வாங்குவதா, கழிப்பறைக் குழாயை முதலில் சரிசெய்வதா? அரசுப் பள்ளியில் இதைத் தலைமையாசிரியர் தனியாக முடிவு செய்ய வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவு இதற்கென்றே பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது பொருந்தாது. சிறுபான்மையினர் பள்ளிகளிலும் மற்ற உதவிபெறும் பள்ளிகளிலும், 2012 திருத்தத்தின்படி, குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம்.

உறுப்பினர்களில் குறைந்தது முக்கால் பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள். தலைவர் பெற்றோரிலிருந்து வருவார், தலைமையாசிரியர் கூட்டத்தைக் கூட்டுபவர். தமிழ்நாட்டில் 2022இல் 20 பேர் கொண்டதாக அமைந்த குழு, 2024இல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேரானது.

இதில் ஆசிரியருக்கான இடம் சிறியது. ஆனால் அதில் யார் உட்காருவது என்பதை அந்தப் பள்ளியின் ஆசிரியர்களே தீர்மானிக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் மாதிரி விதிகள். தலைமையாசிரியர் தனக்கு வேண்டியவரைக் கைகாட்டும் பழக்கம் இந்த விதியின் நோக்கத்தையே கெடுக்கிறது. இன்னும் இரண்டு விஷயங்கள் பல ஆசிரியர்களுக்குத் தெரிவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலைகளை ஆசிரியர் தலையில் கட்டக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. அது மீறப்படுகிறதா என்று கண்காணிப்பது குழுவின் பொறுப்பு. ஆசிரியர்களின் குறைகளைக் கேட்கும் முதல் படியும் மாதிரி விதிகளின்படி இந்தக் குழுதான்.

குழுவின் பெரிய வேலை, 22ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேம்பாட்டுத் திட்டம். மூன்று ஆண்டுகளுக்கு வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை ஆசிரியர் கூடுதலாக வேண்டும், என்ன கட்டடம், எவ்வளவு பணம் என்று அதில் எழுத வேண்டும். அரசு தரும் மானியங்களுக்கு அதுவே அடிப்படை. எந்த வகுப்பில் பிள்ளைகள் வாசிக்கத் திணறுகிறார்கள், எந்த அறை ஒழுகுகிறது என்று அன்றாடம் பார்ப்பவர்கள் ஆசிரியர்கள். அவர்களைக் கேட்காமல் போன ஆண்டுத் தாளில் தேதியை மட்டும் மாற்றி அனுப்பினால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான். ஆகவே குழு கூடுவதற்கு முன்பே ஆசிரியர் கூட்டம் நடத்தி, எல்லோர் தேவையையும் எழுதிப் பிரதிநிதியிடம் கொடுத்துவிடுங்கள்.

மானியச் செலவையும் குழு கண்காணிக்கிறது. 2022இல் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்கும் பணியைக்கூடத் தமிழக அரசு இக்குழுக்கள் வழியாகவே செய்தது.

கூட்டம் மாதம் ஒருமுறையாவது நடக்க வேண்டும். பேசியதும் முடிவானதும் தீர்மானப் பதிவேட்டில் ஏற வேண்டும். கூட்டம் நடக்காமலே பதிவேடு கையெழுத்துக்கு வந்தால் போடாதீர்கள். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பொதுமக்கள் கேட்டால் அந்தப் பதிவேட்டைக் காட்ட வேண்டும்.